சம்முகம் பேண்டு கேட்கப் போன சனிக்கிழமை

புதுக்கோட்டை டவுன்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தக் கிராமத்து ஆளைப் பார்த்தாலும், "ஒங்க ஊருக்கு இன்னும் கரண்டு வரலையா?" என்று கேட்போம். கேட்டுவிட்டு, ஐயோ பாவம் என்று ஒரு உச்சுக் கொட்டுவோம். டாக்டர் ஒருவரிடம் கம்பவுண்டராக இருந்த எனக்கும் அந்த வியாதி நன்றாக முற்றியிருந்தது. ஒரே சனிக்கிழமையில் குணமானது.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் ஆறேகால் மணிக்குச் சம்முகம் பேண்டு செட் முதல் தடவையாகத் திருச்சி ரேடியோவில் வாசிப்பதாக இருந்தது. பதினைந்து நிமிடம். சம்முகம் என்பது கிளாரினெட் வாசிக்கும் சண்முகம் அண்ணன். சிவப்புக் கோட்டு, சரிகை வைத்த தொப்பி, பின்னால் ஒன்பது பேர், பெரிய டிரம்மு. மாப்பிள்ளை யார், பெண் யார் என்றே தெரியாத எத்தனையோ கல்யாணங்களில் நான் அந்தப் பேண்டுக்கு முன்னால் நடந்திருக்கிறேன். முன்னால் என்றால், அவர்கள் முகத்தைப் பார்த்தபடி பின்பக்கமாக நடப்பது. அப்படி நடந்து ஒருநாள் ஒரு பூசணிக்காய்க் குவியலில் உட்கார்ந்து, கடைக்காரியிடம் என் பரம்பரைக்கே சேர்த்துத் திட்டு வாங்கினேன். அண்ணன் ஊதுவதை நிறுத்தவில்லை. கண்ணால் மட்டும் சிரித்தார்.

அந்த வாரம் வியாழக்கிழமை அவர் டிஸ்பென்சரிக்குப் பின்வாசல் வழியாக வந்தார். எப்போதும் அப்படித்தான் வருவார். அவருக்கு இரைப்பு இருப்பது பேண்டு ஆட்களுக்குத் தெரியாது. டாக்டருக்கும் எனக்கும்தான் தெரியும். மிக்சர் பாட்டிலை வாங்கித் துண்டில் சுற்றிக்கொண்டவர், போகாமல் நின்றார்.

"தம்பி, ரேடியோவுல ஊதுறவனுக்கு ரேடியோ கேக்காது. எனக்காக நீங்க கேட்டுச் சொல்லணும்."

"இது என்னண்ணே பேச்சு? நான் கேக்காம யாரு கேக்கப் போறா?"

"அப்படி இல்ல. கடைசியா மோகனத்துல மேல போயி ஒரு இழுப்பு இழுத்து நிறுத்துறேன்ல? ஒரு மாசமா அதுல எனக்குச் சந்தேகம். இழுக்கும்போது காது கும்முனு அடைச்சிருது. நின்னுச்சா, நடுவுல அறுந்துச்சான்னு எனக்கே தெரிய மாட்டேங்குது. கலியாணத்துல வேட்டுச் சத்தத்துல ஒருத்தனும் கவனிக்க மாட்டான். எங்க ஆளுககிட்டக் கேட்டா, நல்லா இருந்துச்சுண்ணேங்கிறானுக. அவனுக பொழப்பு அதுல இருக்கு. ரேடியோக்காரவுக ரூமு ஊசி விழுந்தாக் கேக்குமாம். அங்க அறுந்துச்சுன்னா மறைக்க முடியாது. நீங்க உள்ளதச் சொல்லுங்க. அறுந்திருந்தா அன்னைக்கோட கிளாரினெட்டக் கீழ வச்சிர்றேன். அரைகொறையா ஊதிக்கிட்டுத் திரிய மாட்டேன்."

சரி என்று தலையை ஆட்டினேன். ஒரு மனுஷன் தன் பிழைப்பையே என் காதில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார், நான் வேறு என்ன சொல்ல முடியும்?

சனிக்கிழமை காலையில் தெருவில் தண்டோரா போட்டார்கள். கம்பம் மாற்றுகிறார்களாம். பன்னிரண்டு மணியிலிருந்து ராத்திரி எட்டு மணி வரைக்கும் டவுன் முழுக்கக் கரண்டு கிடையாது. டும் டும் டும். பார்க்கு ரேடியோ, காப்பி கிளப்பு ரேடியோ, டாக்டர் வீட்டு ரேடியோ எல்லாம் ஒரே அடியில் போயிற்று. நான் தலையில் அடித்துக்கொண்டேன். தண்டோராக்காரர் நான் அவருடைய தாளத்துக்கு அடிக்கிறேன் என்று நினைத்து இன்னும் ரெண்டு தட்டுத் தட்டினார்.

பக்கத்துச் சைக்கிள் கடைக்காரர்தான் வழி சொன்னார். "பட்டிக்காட்டுக்குப் போங்க. பஞ்சாயத்து ரேடியோ பூராம் பேட்டரியில ஓடுது. அவுகளுக்கு எதுக்குக் கரண்டு?"

டாக்டரிடம் போய், "அத்தைக்கு ரொம்ப சீரியஸ், திருவரங்குளம் வரைக்கும் போகணும்" என்றேன். டாக்டர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "எந்த அத்தை? தை மாசம் செத்துப் போனாங்களே, அவங்களா?" நான் அலமாரிப் பாட்டில்களை அடுக்க ஆரம்பித்தேன். "போயிட்டு வாரும். என்ன ஊதினான்னு எனக்கும் சொல்லும்" என்றார். டவுனில் என் பைத்தியம் தெரியாதவர்கள் யாருமில்லை.

பஸ்ஸில் எனக்கு இடமில்லை. ஒரு ஆள் தனக்கொரு டிக்கெட்டும் மடியில் கொள்ளாத தன் பலாப்பழத்துக்கு ஒரு டிக்கெட்டும் வாங்கியிருந்தார். அது ஜன்னலோரமாகச் சௌகரியமாக உட்கார்ந்து வந்தது. கொஞ்சம் தள்ளி வைக்கச் சொன்னதற்கு, "அதுக்கும் காசு குடுத்திருக்குங்க" என்றார். நியாயம்தான். திருவரங்குளம் வரை நான் அந்தப் பழத்துக்கு நிழல் கொடுத்தபடி நின்றுகொண்டு போனேன்.

திருவரங்குளத்தில் பஞ்சாயத்து ரேடியோ மாடத்தில் கம்பீரமாக இருந்தது. பேட்டரி தீர்ந்து பத்து நாளாகிவிட்டது. டீக்கடைக்காரர் அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. "அது பேசாம இருக்கவும்தாங்க இங்க நாலு பேரு ஒக்காந்து பேசுறான், ரெண்டு டீ ஓடுது" என்றார். டீ வெல்லப்பாகுபோல் இருந்தது. எங்கள் டவுனில் இந்தக் கெட்டிக்கு ரெண்டு பேருக்குக் கொடுத்துவிடுவார்கள். பூவரசம்பட்டிக்குப் புதுப் பேட்டரி வந்திருக்கிறது, ரெண்டு மைல்தான், வண்டி போகிறது ஏறிக்கொள்ளுங்கள் என்று அவரே ஒரு மாட்டு வண்டியைக் கைதட்டி நிறுத்தினார்.

வண்டிக்காரர் பெயர் முத்தையா. நான் கம்பவுண்டர் என்று தெரிந்ததும் கால் கட்டைவிரலைத் தூக்கி என் மடியில் வைத்தார். நகச்சுற்று. எலுமிச்சம்பழத்தைச் செருகச் சொன்னேன். பிறகு நாக்கை நீட்டினார். அடுத்து முதுகைக் காட்டச் சட்டையைத் தூக்கும்போது வண்டி நின்றுவிட்டது. சுற்றிலும் முந்திரிக்காடு. பக்கத்தில் கூரை இல்லாத ஒரு குட்டிச்சுவர்.

"ஏன் நிக்குது?"

"முன்னாடி இங்க கள்ளுக்கடை இருந்துச்சுங்க. எங்க அய்யா வண்டி ஓட்டுனப்பப் பழக்குன மாடு."

"கள்ளுக்கடையெல்லாம் மூடி வருஷக்கணக்காச்சே?"

"எனக்குத் தெரியும். அதுக்கு யாரு சொல்றது?"

மாடுகள் ரெண்டும் கண்ணை மூடி நின்றன. ஒரு மனுஷன் ரெண்டு மொந்தை குடித்து, நாலு ஆளிடம் சண்டை போட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் நின்றன. தட்டினாலும் நகரவில்லை, வாலை முறுக்கினாலும் நகரவில்லை. பிறகு தாமாகவே கிளம்பின. அதற்குள் நான் கடிகாரத்தைப் பத்துத் தடவை பார்த்துவிட்டேன்.

பூவரசம்பட்டி எல்லையில் குறுக்கே வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தது. அதைப் பார்த்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மாரியம்மன் திருவிழா, காப்புக் கட்டியாகிவிட்டது. காப்புக் கட்டிவிட்டால் ஊர் ஆட்கள் வெளியே போய் ராத் தங்கக் கூடாது. வெளியாள் வந்து ஒரு ராத்திரி தங்கிவிட்டால், காப்பு அவிழ்க்கிற வரைக்கும் அவனும் கிளம்ப முடியாது.

பஞ்சாயத்து பிரசிடெண்ட் கருப்பையா வாசலுக்கே ஓடிவந்தார். "ரேடியோ கேக்கவா டவுன்லேருந்து வந்தீங்க? எங்க ஊருக்கா?" அவருக்கு நெஞ்சு ரெண்டு விரற்கடை உயர்ந்துவிட்டது. "ஆறரைக்கு ஆலங்குடிப் பக்கமிருந்து பஸ்ஸு வரும். அதுல ஏறிருங்க. விட்டீங்கன்னா எட்டு நாளு எங்க வீட்டுச் சோறுதான்" என்றார். அவர் மனைவி செல்லாயி இலையைப் போட்டுவிட்டார். சாப்பிடாமல் பேச்சு கிடையாது.

காப்புக் கட்டிய ஊரில் தாளிக்கக் கூடாது. கடுகு வெடிக்கிற சத்தம் அம்மனுக்கு ஆகாதாம். தாளிக்காத கத்தரிக்காய்க் குழம்பு, தாளிக்காத ரசம், தாளிக்காத மோர். ஒவ்வொரு கவளத்துக்கும் என் நாக்கு கடுகைத் தேடியது. ஆனால் அந்த அரிசியும் அந்தக் கத்தரிக்காயும் எங்கள் மார்க்கெட்டில் கிடைக்காது, உள்ளதைச் சொல்ல வேண்டும். மூன்றாவது தடவை சோறு வாங்கும்போது செல்லாயி, "டவுன்ல சோறு போட மாட்டாகளா?" என்று கேட்டார். வெட்கத்தோடு நாலாவது தடவையும் வாங்கிக்கொண்டேன்.

சாப்பாடு முடிந்து பஞ்சாயத்து அறையைத் திறந்தார்கள். ரேடியோவுக்கு நெற்றியில் விபூதி, குங்குமம். திருகுகிற குமிழில் மஞ்சள் கயிறு.

"இது என்னங்க?"

"காப்புங்க. ஏரு, தண்ணி எறைக்கிற கவலை, வண்டி எல்லாத்துக்கும் கட்டுனோம். இதுவும் ஊருச் சொத்துதானே, விட்டா மொறையா?" என்றார் பிரசிடெண்ட்.

அதற்குள் ஊர் அம்பலம் வந்துவிட்டார். கோயில் காரியத்தில் அவர் சொல்தான் சொல். வெற்றிலையை மென்று முடிக்கிற வரைக்கும் எல்லோரையும் காக்க வைத்தார்.

"ரேடியோவுல என்ன வருது?"

"பேண்டுங்க. கிளாரினெட்டு, டிரம்மு."

"டிரம்முன்னா கொட்டா?"

"கொட்டுதானுங்க."

"அப்பக் கூடாது. ஆத்தா கொட்டத் தவுர வேற கொட்டுச் சத்தம் காப்பு அவுக்குற வரைக்கும் ஊருக்குள்ள எழும்பப்படாது. பேச்சுன்னா சரி. வெவசாயம், ஒரம், கோழி வளப்பு, அதெல்லாம் தாராளமாக் கேளுங்க."

நான் எழுந்து நின்றேன். "கொட்டுறது திருச்சியிலங்க! இங்க யாரும் கொட்டல!"

அம்பலம் யோசித்தார். ஊரே யோசித்தது. கோழி திருச்சியில் கூவினால் இங்கே விடியுமா என்று ஒருவர் கேட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, ஆனால் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். கடைசியில் அம்பலம் தீர்ப்புச் சொன்னார். "கை எங்க இருந்தா என்ன? பொட்டி எங்க இருக்கோ அங்கதான் கொட்டு."

மணி ஐந்தேகால். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கோபத்திலா துக்கத்திலா தெரியவில்லை. செல்லாயி அதைப் பார்த்துவிட்டார்.

"அப்ப பொட்டிய எல்லைக்கு அங்கிட்டு வைக்கிறது! நம்ம இங்கிட்டு ஒக்காந்து கேக்குறது! சத்தம் அதுவா தாண்டி வந்தா அதுக்கு நம்ம என்ன பண்றது? காத்தக் கட்டிப் போடவா முடியும்?"

அம்பலம் செல்லாயியை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்கும் பேண்டு கேட்கிற ஆசை இருந்திருக்க வேண்டும். "இருட்டுறதுக்கு முன்னாடி பொட்டி ஊருக்குள்ள வந்துரணும். அதுக்கும் காப்புக் கட்டியிருக்கு, வெளிய ராத் தங்கப்படாது" என்றார்.

முத்தையாவின் வண்டியிலேயே ரேடியோவை ஏற்றினோம். பேட்டரியை ஒருவர் கைக்குழந்தைபோல் மார்போடு அணைத்துக்கொண்டார். பின்னால் ஏரியல் கம்பி, அதன் பின்னால் ஊர் ஜனம். எல்லைக்கல்லைத் தாண்டி, பக்கத்து ஊர்க் கல்லுக்குடிக்காரர்களின் கடலைக்காட்டில் பெட்டியை இறக்கியபோது, தலையில் துண்டு கட்டிய ஏழெட்டுப் பேர் அந்தப் பக்கமிருந்து வந்தார்கள். முன்னால் வந்தவர் பெயர் சின்னையா.

"எங்க பெரியப்பு வீட்டுல கேதம். பொணம் இன்னும் எடுக்கல. எங்க எல்லையில பேண்டு அடிக்க வந்தீங்களா? நல்லா இருக்கா இது?"

எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். பிரசிடெண்ட் மன்னிப்புக் கேட்டார். பெட்டியைத் திரும்பத் தூக்கும்போது சின்னையா மெதுவாக, "எந்த பேண்டு?" என்றார்.

"சம்முகம் பேண்டுங்க."

"அடடா! பெரியப்பு மகன் கலியாணத்துக்கு அவுகதான் வந்தாக. பெரியப்பு அன்னைக்கு ஆடுனாரே ஒரு ஆட்டம்!" சின்னையா துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு ரெண்டு ஊருக்கும் நடுவில் போகிற தார் ரோட்டைக் காட்டினார். "அந்தா, சர்க்கார் ரோடு. அது ஒங்க ஊரும் இல்ல, எங்க ஊரும் இல்ல. அதுல வச்சுக்கங்க."

இப்படியாக, மணி ஆறுக்குச் சர்க்கார் ரோட்டின் நட்டநடுவில் ரேடியோ உட்கார்ந்தது. ஓரத்தில் வைத்தால் ஏதாவது ஒரு ஊர் எல்லையாகிவிடும் என்று அம்பலம் கயிறு பிடித்து நடுவை அளந்தார். ஒரு பக்கம் பூவரசம்பட்டி, மஞ்சள் துணியும் வேப்பிலையுமாக. எதிர்ப்பக்கம் கல்லுக்குடி, தலையில் துண்டோடு. "நாங்க கேக்க வரல, சும்மா ஒக்காந்திருக்கோம்" என்று சின்னையா எல்லோருக்கும் தெரியும்படி ஒரு தடவை சொல்லிக்கொண்டார். ஏரியல் கம்பியின் நுனியோடு முத்தையா புளியமரத்தில் ஏறினார். மரத்தில் எறும்பு. அவர் காலைச் சொறிகிற போதெல்லாம் ரேடியோ கொர்ர்ர் என்றது. "சொறியாதடா!" என்று ரெண்டு ஊரும் சேர்ந்து கத்தியது. தலைமுறையாகப் பேச்சுவார்த்தை இல்லாத ஊர்களாம், பிரசிடெண்ட் காதோடு சொன்னார்.

ஆறேகாலுக்குப் பெயரைச் சொன்னார்கள். சண்முகம் குழுவினர். நான் எழுந்துவிட்டேன், ஏனென்று தெரியவில்லை. பூசணிக்காய்க் குவியலில் விழுந்த நாளில் கேட்ட அதே கிளாரினெட், இப்போது வேட்டுச் சத்தமில்லாமல், ஆர்ப்பாட்டமில்லாமல், தனியாக வந்தது. எத்தனை கல்யாணத்தில் கேட்டிருக்கிறேன், இத்தனை அழகு என்று எனக்குத் தெரியாது. டிரம்மைக்கூட அடக்கி வாசித்தார்கள். அம்பலம் எல்லைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டார். கொட்டு என்று அதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. கல்லுக்குடி ஆள் ஒருவர் வாய்விட்டு அழுதார். கேதத்துக்காகவும் இருக்கலாம்.

முதல் உருப்படி முடிந்தது, ரெண்டாவது முடிந்தது. மோகனம் ஆரம்பித்தபோது மணி ஆறு இருபத்தாறு. நான் ரோட்டில் மண்டியிட்டு ரேடியோவில் காதை வைத்துக்கொண்டேன். மேலே போகிறார், போகிறார், நிற்கப் போகிறார் என்று எனக்குத் தெரியும். இழுப்பு ஆரம்பித்தது. என் மூச்சையும் பிடித்துக்கொண்டேன்.

அப்போது ஆலங்குடிப் பக்கமிருந்து பஸ் வந்தது.

திருப்பத்தில் திரும்பியதும், நடு ரோட்டில் ஒரு பெட்டியையும் அதைக் கட்டிக்கொண்டு மண்டியிட்டிருக்கிற என்னையும் டிரைவர் பார்த்திருக்கிறார். பிரேக்கை மிதித்து ஹாரனை அமுக்கினார். பஸ் நின்றுவிட்டது. ஹாரன் நிற்கவில்லை. அமுக்கிய பொத்தான் உள்ளேயே மாட்டிக்கொண்டது. பாஆஆஆ என்று ஒரே பிடி. சம்முகம் அண்ணனின் இழுப்பையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற இழுப்பு. மூச்சு வாங்கத் தேவையில்லாத இழுப்பு!

"நிறுத்துய்யா! யோவ், நிறுத்து! ஒரு மனுசனுக்கு மூச்சு நிக்குதா அறுந்துருச்சான்னு கேட்டுக்கிட்டு இருக்கேன்யா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

கல்லுக்குடிக்காரர்களிடமும் நான் கம்பவுண்டர் என்று முத்தையா சொல்லியிருந்தார். பெரியப்புக்குத்தான் மூச்சு வந்துவிட்டதென்று நினைத்து ரெண்டு பேர் துண்டை உதறிவிட்டுத் துக்க வீட்டைப் பார்த்து ஓடினார்கள். அவர்களைத் தடுக்கப் பிரசிடெண்ட் ஓடினார். புளியமரத்தில் முத்தையா ரெண்டு காலையும் சொறிந்துகொண்டிருந்தார், இனி என்ன என்று. டிரைவர் குதித்திறங்கி, பானெட்டைத் திறந்து, ஒரு ஒயரைப் பிடித்து இழுத்தார். ஹாரன் செத்தது. அந்த அமைதியில் ரேடியோ, நீங்கள் இதுவரை கேட்டது என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

நான் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். அங்கே இருந்த ஒவ்வொருவரையும் கேட்டேன். "அறுபடவே இல்ல, நாந்தான் கேட்டேனே" என்றார் செல்லாயி. "நடுவுல ஒரு எடத்துல விட்டுச்சு" என்றார் சின்னையா. அது முத்தையா சொறிந்த இடம் என்றார் இன்னொருவர். ரெண்டு ஊரும் அந்த விஷயத்தில் பழையபடி ரெண்டாகிவிட்டது. வெயில் இறங்கவும் அம்பலம், "பொட்டி, பொட்டி! இருட்டப் போவுது!" என்று பதறினார். ரேடியோவைத் தூக்கிக்கொண்டு ஊரே ஓடியது. ஓடுகிற ஓட்டத்திலும் செல்லாயி திரும்பி, "சாப்புட வாங்க, காப்பு அவுத்தப்பறம் தாளிச்சுப் போடுறேன்!" என்று கத்தினார்.

பஸ்ஸில் டிரைவர் என்னைத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார். விஷயத்தைச் சொன்னேன். "எனக்குத் தெரியாமப் போச்சே சார். தெரிஞ்சிருந்தா வண்டியப் பள்ளத்துல எறக்கிருப்பேனே" என்று வழி நெடுக வருத்தப்பட்டார். ஹாரன் இல்லாததால் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "ஓரம்! ஓரம்! ஏ ஆடு, ஓரம்!" என்று புதுக்கோட்டை வரைக்கும் கத்திக்கொண்டு வந்தார். டவுன் இருட்டில் கிடந்தது. நான் வீட்டுக்குப் போகவில்லை, தெருத்தெருவாகச் சுற்றினேன். எட்டு மணிக்குக் கரண்டு வந்து எல்லா வீட்டு ரேடியோவும் ஒரே நேரத்தில் நியூஸ் வாசித்தபோது அவற்றைக் கல்லால் அடிக்கலாம்போல் இருந்தது.

என்ன சொல்வது? அறுபடவில்லை என்று ஒரே வார்த்தை சொன்னால் போதும், அண்ணன் பிழைத்துவிடுவார். ராத்திரி முழுக்க அந்த வார்த்தையைச் சொல்லிப் பழகினேன். டாக்டரிடம் அத்தையைப் பற்றிச் சொன்ன பொய்யே நிற்கவில்லை. இது நிற்குமா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டுக்குப் போனேன். கிளாரினெட்டைக் கட்டை கட்டையாகக் கழற்றித் துடைத்துப் பெட்டியில் வைத்திருந்தார். பெட்டி திறந்திருந்தது. அவர் மனைவி அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தார். அந்த அம்மாளுக்கும் தெரியும்போல.

"வாங்க தம்பி. சொல்லுங்க."

பழகிய வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன். "கேக்கலண்ணே. நான் பாவி. கடைசி எடத்துல பஸ்ஸுக்காரன் ஹாரன அமுக்கிட்டான்" என்று ஆரம்பித்து, பலாப்பழம், கள்ளுக்கடை மாடு, காப்புக் கட்டின ரேடியோ, கேதம், புளியமரத்து எறும்பு என்று ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லும்போது அழுதேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார். பெரியப்புக்கு மூச்சு வந்துவிட்டதென்று ரெண்டு பேர் ஓடிய இடத்தில் சிரிப்பு இரைப்பாகிவிட்டது. நான் ஓடிப்போய் மிக்சரை ஊற்றிக் கொடுத்தேன். அந்த அம்மாள் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

மூச்சு திரும்பியதும், "அப்பத் தெரியல?" என்றார்.

"தெரியலண்ணே."

"ஒங்களுக்கே தெரியலைன்னா நான் எப்படி முடிவு பண்றது?" பெட்டியிலிருந்து ஒரு கட்டையை எடுத்தார். அடுத்ததை எடுத்து அதில் பொருத்தினார். "ஆறு மாசம் கழிச்சு மறுபடியும் கூப்புடுறோம்னு ரேடியோவுல சொல்லியிருக்காக. அப்பக் கேட்டுச் சொல்லுங்க. அதுவரைக்கும் ஊதுறேன்." அந்த அம்மாள் சட்டென்று அடுக்களைக்குள் போய்விட்டார். எனக்கு அன்றைக்கு அந்த வீட்டில் நெய் மிதக்கத் தாளித்த பொங்கல் கிடைத்தது.

ஆறு மாதம் கழித்து ரேடியோக்காரர்கள் சொன்னபடி கூப்பிட்டார்கள். அன்று புதுக்கோட்டையில் கரண்டு ஒரு நிமிடம்கூடப் போகவில்லை. பார்க்கில் ஒலிபெருக்கியைத் துடைத்து வைத்திருந்தார்கள். டாக்டர் தன் வீட்டுக் கூடத்தில் எனக்கென்று நாற்காலி போட்டுவைத்து ஆள் அனுப்பினார். அந்த ஆளிடம் சாக்குச் சொல்லிவிட்டு நான் நாலு மணிக்கே வாடகைச் சைக்கிள் எடுத்தேன். ரேடியோவே இல்லாத இடம் எது என்று ஒரு வாரமாக விசாரித்து வைத்திருந்தேன். சித்தன்னவாசல் பாறையில் படி படியாக ஏறி, பழைய சமணர் படுக்கைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கீழே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர், "இந்நேரத்துல அங்கிட்டு என்னங்க?" என்று கூப்பிட்டார். கையை ஆட்டிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன்.

மணி ஆறேகால் ஆயிற்று. எங்கள் ஜில்லாவிலேயே சம்முகம் பேண்டுக்கு என்னைவிடப் பெரிய ரசிகன் கிடையாது, இதை யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அந்த மலை மேல் காற்றைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. இருந்தாலும் ஆறரை ஆகிற வரைக்கும் நான் ரெண்டு காதையும் இறுக்கிப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.